பதினைந்து நாள் பிந்திய கேக்

கடிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒக்னியான் தோதெவ் என்ற பெயர், பிப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்த தேதி, ‘நம்பிக்கைத் துரோகம்’ என்ற காரணம், கடைசியில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் ரதோஸ்தினா பேவா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒக்னியான் இன்றே வேலையை இழப்பார், நாளை போலீஸ் ஸ்டேஷனில் நிற்பார். நான்கு மணி வரை அவகாசம். இப்போது ஒன்பது.

“பேனா ரொம்ப நல்லாருக்கு மேடம். கையெழுத்துப் போடலைன்னா எனக்குக் கொடுத்துடுங்க” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த யனித்சா.

“சும்மா இரு” என்றார் அவள் பக்கத்தில் இருந்த மெத்தோடி. அவர் வாயில் பாலாடைக்கட்டி வைத்த பனித்ஸா இருந்தது. அந்தப் பலகாரத்தின் துகள் அவர் கோட்டுக் காலரில் ஒட்டியிருந்தது. பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரத்தில் இருக்கும் இரண்டு தனியார் துப்பறிவாளர்களில் இவர் மலிவானவர். தபால் துறையில் காணாமல் போன பார்சல்களைத் தேடித் தேடியே தலை நரைத்தவர். யனித்சா அவருக்குக் கார் ஓட்டுவாள், கணினி பார்ப்பாள், அவர் சொல்லாத வேலையான கிண்டலையும் சேர்த்துச் செய்வாள்.

ஒரே நாள் வேண்டும் என்று எம்.டி.யிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, தன் செலவில் இவர்களைக் கூட்டி வந்தவள் ரதோஸ்தினா. கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

க்ளுச்சார் என்ற அந்தக் கம்பெனி, ஹோட்டல்களில் அறைகளைப் பதிவு செய்யும் மென்பொருளை விற்கிறது. ரதோஸ்தினாவின் அறைக் கதவில் ‘ரெவென்யூ ஆபரேஷன்ஸ், தலைவர்’ என்று எழுதியிருக்கும். அவளும் அவளுடைய மூன்று பேரும் எதையும் விற்பதில்லை. எந்த விற்பனையாளர் எந்த ஹோட்டலைக் கூப்பிட வேண்டும், யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த முதலாளி எதற்காக முகத்தைச் சுளித்தார், அடுத்த மாதம் யார் இருப்பார்கள், யார் கழன்றுகொள்வார்கள் என்பதையெல்லாம் ஒரே பட்டியலில் சுத்தமாக வைத்திருப்பது இவர்கள் வேலை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் விற்பனைக்காரர்கள் ‘வந்துடும், கண்டிப்பா வந்துடும்’ என்று அடித்துச் சொல்லும்போது நம்பாமல் உட்கார்ந்திருப்பதும் இவர்கள் வேலைதான். அதனால் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. அவள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் போட்ட சட்டம் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது: பட்டியல் சிஸ்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

அது போயிருந்தது. ஆறு வாரத்தில் பதினொரு ஹோட்டல்கள் எதிர்க் கம்பெனிக்குத் தாவிவிட்டன. ஒப்பந்தம் முடிவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால் அவர்கள் போன் செய்கிறார்கள். எந்த முதலாளிக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே தடவிக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் நடக்காது.

சிஸ்டத்தைத் துழாவி ஒக்னியானைப் பிடித்துக் கொடுத்தவள் விற்பனைத் தலைவி ஜிவ்கா. மார்ச் மூன்றாம் தேதி அவர் முழுப் பட்டியலையும் டவுன்லோட் செய்த தடயம் இருந்தது. ஜிவ்கா அதை எம்.டி.யிடம் காட்டிவிட்டு, கையோடு இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: ரதோஸ்தினாவால் மூன்று பேரைக்கூடக் கட்டி மேய்க்க முடியவில்லை என்றால், அந்தக் குழுவைத் தன் கீழே கொடுத்துவிடலாம் என்று. அதை ரதோஸ்தினாவின் முகத்துக்கு நேராகவே, வருத்தத்தோடுதான் சொன்னாள்.

ரதோஸ்தினாவுக்கு அதில் கோபம் வரவில்லை. ஜிவ்கா அவளுக்கு வெறும் சக ஊழியர் இல்லை, கூமா. பன்னிரண்டு வருடம் முன்பு அவள் கல்யாணத்தில் பலிபீடத்தின் முன்னால் மெழுகுவர்த்தி பிடித்து, தலையில் கிரீடத்தை மாற்றி வைத்தவள். அப்புறம் மகள் இக்லிகாவை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவள். கூமாவிடம் முடியாது என்று சொல்வது அந்த ஊரில் எந்த வீட்டிலும் வழக்கமில்லை.

“மத்த ரெண்டு பேரையும் பார்த்தாச்சு, ஒக்னியானைக் கூப்பிடுங்க. அவரைப் பார்த்துட்டு கெளம்புவோம்” என்றார் மெத்தோடி.

ஒக்னியானுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரயில்வேயில் கால அட்டவணை போடும் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த அலுவலகத்தை மூடிய பிறகு இரண்டு வருடம் யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை, ரதோஸ்தினா எடுத்தாள். அவர் கெஞ்சவில்லை, அழவில்லை. தன் காபிக் கோப்பையைக் கழுவித் துடைத்து மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தார். வேலை போய்விட்டது என்று அவரே முடிவு செய்துவிட்டது ரதோஸ்தினாவுக்குப் புரிந்தது.

டவுன்லோட் செய்தது உண்மைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். எதற்கு என்று மெத்தோடி கேட்டதும், சுருட்டி வைத்திருந்த ஒரு பெரிய தாளை மேஜை மேல் விரித்தார். மேஜை போதவில்லை. வருடத்தின் அத்தனை நாட்களும், அத்தனை ஹோட்டல்களும் பென்சில் கோடுகளாக ஓடின. சிவப்புக் கோடு ஒப்பந்தம் முடியும் நாள். நீலம், போன் செய்ய வேண்டிய நாள். பச்சைப் புள்ளி, முதலாளியின் பெயர் நாள், அந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லோரும் பிறந்தநாள் போலக் கொண்டாடும் நாள். பெயர் நாளில் கூப்பிட்டு வாழ்த்தாத விற்பனையாளரிடம் பல்கேரியாவில் யாரும் ஒரு ஆணிகூட வாங்க மாட்டார்கள்.

“கம்ப்யூட்டர்ல ஒரு நேரத்துல ஒண்ணுதான் தெரியுது மேடம். ரயில் எல்லாம் ஒரே தாள்ல ஓடுனாதான் எது எதை இடிக்கும்னு எனக்குப் புரியும்” என்றார் ஒக்னியான்.

“இதை அவர் திருடி வித்தார்னா, வாங்குனவன் லாரி எடுத்துட்டு வந்திருக்கணும்” என்றாள் யனித்சா.

மெத்தோடி ஏப்ரல் பதிமூன்றின் மேல் விரலை வைத்தார். அங்கே மட்டும் பச்சைப் புள்ளிகள் கொத்தாக இருந்தன. அது குருத்தோலை ஞாயிறு. பூவின் பெயரும் மரத்தின் பெயரும் வைத்திருக்கும் எல்லோருக்கும் அன்றுதான் பெயர் நாள் என்றார் ஒக்னியான். அடுத்த வருடம் அது ஏப்ரல் ஐந்து என்றும், அதற்கும் தனித் தாள் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார். ஈஸ்டர் வருடா வருடம் நகரும். அந்த வாரத்துக்குக் கூடுதல் ரயில் விடுவதில் தேதி தப்பினால் ஜனங்கள் நடைமேடையில் நின்று குமாஸ்தாவின் அம்மாவைத் திட்டுவார்கள். இருபது வருடத்தில் அவருடைய அம்மாவை யாரும் திட்டியதில்லை.

“சரி, போலாம்” என்று மெத்தோடி எழுந்தார். “கடைசியா ஓடிப்போன ஹோட்டல் எது?”

ஹிஸாரியா ஊரில் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹோட்டல். முந்தாநாள்தான் போனது. முதலாளி பெயர் வர்பான், அதுவும் வில்லோ மரத்திலிருந்து வந்த பெயர்.

யனித்சாவின் பழைய ஓப்பல் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து ரதோஸ்தினா வழியெல்லாம் கடிதத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒக்னியான் செய்திருந்தால் தன் கண் குருடு. செய்யவில்லை என்றால், மற்ற இருவரில் ஒருவர் நான்கு வருடமாகத் தன்னோடு சாப்பிட்டுச் சிரித்துத் துரோகம் செய்கிறார். இரண்டில் எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வர்பான் அவளைப் பார்த்ததும் தோட்டத்துப் பக்கமாக நழுவப் பார்த்தார். ஏழு வருட வாடிக்கையாளர் இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வார், பாவம். கடைசியில் வெட்கத்தோடு வந்து உட்கார்ந்தார். மூன்று பேருக்கும் மோர் வந்தது. எதிர்க் கம்பெனி ஆள் போனில் பேசியதும் தனக்கே ஆச்சரியமாக இருந்தது என்றார். குளிர்காலத்தில் இரண்டு தடவை சிஸ்டம் நின்றுபோனதிலிருந்து, இவர் யாரிடம் கத்தினார் என்பது வரைக்கும் அவனுக்குத் தெரிந்திருந்ததாம்.

“ஆனா ஒண்ணு சொல்றேன் ரதோஸ்தினாம்மா, விவரமான பசங்க கெடையாது” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “பெயர் நாளுக்குக் கேக் அனுப்புனானுங்க. எப்போ? என் நாள் முடிஞ்சு விருந்தாளியெல்லாம் வந்து போயி, ஈஸ்டர் முட்டையும் தின்னு தீர்த்தப்புறம். நானே அது என்னத்துக்குன்னு தெரியாம முழிச்சேன்.”

மெத்தோடி மோர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அந்த டப்பா இருக்கா?”

இருந்தது. வர்பான் அதில் தூண்டில் சாமான் வைத்திருந்தார். ஊதா நிறத்தில் அகலமான அட்டை டப்பா. ஓரத்தில் வெள்ளி நாடா. உள்ளே மிதவைகள், ஈயக் குண்டுகள், ஒரு வாழ்த்து அட்டை. அட்டையில் பத்துப் பதினைந்து தூண்டில் முள்ளை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். முள்ளுக்கு நடுவே எழுத்து தெரிந்தது.

யனித்சா உரக்கப் படித்தாள்: “மதிப்பிற்குரிய வர்பான் அவர்களே, பெயர் நாள் வாழ்த்துகள். உங்கள் அறைகள் என்றும் நிறைந்திருக்கட்டும். இப்படிக்கு, உங்கள் நண்பர்கள்.”

“அன்னைக்குச் சாயங்காலமே போன். ‘கேக் புடிச்சுதா சார்’னு. அப்படித்தான் ஆரம்பிச்சான்” என்றார் வர்பான்.

மெத்தோடி டப்பாவைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த கூரியர் லேபிளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். முப்பது வருடம் லேபிள் படித்த கண். ஏப்ரல் இருபத்தெட்டு, திங்கட்கிழமை. பிறகு வர்பானிடம் மெதுவாக, போன வருடம் குருத்தோலை ஞாயிறு என்றைக்கு வந்தது என்று கேட்டார்.

வர்பான் விரல் விட்டு எண்ணினார். “மே அஞ்சு ஈஸ்டர். அதுக்கு முந்தின ஞாயிறு. ஏப்ரல் இருபத்தெட்டு.” சொல்லிவிட்டு அவரே வாயைப் பிளந்தார்.

“மனுஷன் அனுப்பியிருந்தா நாள்காட்டியப் பார்த்திருப்பான். இது மெஷின் அனுப்புனது” என்றார் மெத்தோடி. “பட்டியல்ல இருபத்தெட்டுன்னு இருந்துச்சு, அது பாட்டுக்கு இருபத்தெட்டு அன்னைக்கு அனுப்பிருச்சு. நம்ம ஒக்னியான் எடுத்த பட்டியல்ல பதிமூணுன்னு இருக்கு, கண்ணால பார்த்தோம். மேடம், உங்க சிஸ்டத்துல அந்தத் தேதியை யார் மாத்துவா?”

“நான்தான். வருஷா வருஷம், ஜனவரி ஏழாம் தேதி.”

“அப்போ வெளிய போன பட்டியல் ஜனவரி ஏழுக்கு முந்தினது. ஒக்னியான் வந்ததே பிப்ரவரியில.”

“அப்பாடா, அவர் அம்மாவை இன்னும் யாரும் திட்ட முடியாது” என்றாள் யனித்சா.

ரதோஸ்தினா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு மனிதனின் பிழைப்பு தப்பித்தது. ஆனால் அவளுக்குப் பயம் வந்திருந்தது. தேதிக்காக மட்டும் இல்லை. ‘உங்கள் அறைகள் என்றும் நிறைந்திருக்கட்டும்.’ அந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். இரண்டு வாரமாகத் தன் வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மெத்தோடி டப்பாவையும் அட்டையையும் இரவல் கேட்டார். முள்ளை மட்டும் பிடுங்க வேண்டாம், வரிசை கலைந்துவிடும் என்று வர்பான் கேட்டுக்கொண்டார்.

கார் ஊர் எல்லையைத் தாண்டியது. ரதோஸ்தினாவே பேச்சை ஆரம்பித்தாள்.

“டிசம்பர்ல ஒரு தடவை பட்டியல் வெளிய போச்சு. எடுத்தது நான்.”

மெத்தோடி திரும்பிப் பார்க்கவில்லை. “தெரியும். காலையிலயே யனித்சா சிஸ்டத்துல பார்த்துட்டா. டிசம்பர் ஒன்பது. நீங்களா சொல்வீங்களான்னு காத்திருந்தோம்.”

அவள் சொன்னாள். டிசம்பர் ஆறு, புனித நிக்கோலா நாள் விருந்தில், ஜிவ்கா வீட்டில், அடுப்பிலிருந்து கெண்டை மீனை இறக்கிக்கொண்டே ஜிவ்கா கேட்டாள். புது வருடத்துக்கு எல்லா முதலாளிகளுக்கும் தன் கைப்பட வாழ்த்து எழுத வேண்டும், மலைக்குப் போகிறேன், அங்கே சிஸ்டம் திறக்காது, ஒரு பிரதி கொடுடி ராதி என்று. வாழ்த்துக்கு ஒப்பந்தத் தேதி எதற்கு, யார் எதற்குக் கோபப்பட்டார் என்பது எதற்கு என்று ரதோஸ்தினா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறுகிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கூமாவுக்குக் கொடுப்பது வெளியே கொடுப்பதாக அவள் மனதில் பதியவே இல்லை. வீட்டு அலமாரிச் சாவியைக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டாள்.

“அவங்ககிட்டருந்து யாராச்சும் திருடியிருக்கலாம்” என்றாள். சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பொய்யாகக் கேட்டது.

“இருக்கலாம்” என்றார் மெத்தோடி. அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது.

“வண்டியை எங்க வீட்டுக்கு விடும்மா” என்றாள் யனித்சாவிடம். “எனக்கு ஒண்ணு பார்க்கணும்.”

இக்லிகா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் மேஜை மேல் ஒரு ஊதா டப்பா இருந்தது. ஓரத்தில் வெள்ளி நாடா. உள்ளே கலர் பென்சில்கள். பென்சில்களைக் கொட்டியதும் அடியில் அந்த அட்டை கிடந்தது. மதிப்பிற்குரிய இக்லிகா அவர்களே, பெயர் நாள் வாழ்த்துகள். உங்கள் அறைகள் என்றும் நிறைந்திருக்கட்டும்.

யனித்சா அட்டையைப் பார்த்தாள், அறையில் இறைந்து கிடந்த பொம்மைகளைப் பார்த்தாள். “இந்த ஹோட்டல் முதலாளிக்கு எத்தனை வயசு மேடம்?”

“ஒன்பது” என்று சொல்லிவிட்டு ரதோஸ்தினா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

டிசம்பரில் அந்தப் பிரதியை அனுப்பும்போது அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது. ஞானத்தாயான ஜிவ்கா அந்த வருடம் குழந்தையின் பெயர் நாளை மறந்திருந்தாள். இக்லிகா என்பதும் ஒரு பூவின் பெயர்தான். அவளுக்கும் குருத்தோலை ஞாயிறுதான். அதனால் பட்டியலின் கடைசி வரியில், சிஸ்டத்தில் இல்லாத ஒரு ஹோட்டலை ரதோஸ்தினா தன் கையால் சேர்த்தாள். முதலாளி இக்லிகா, ஹோட்டல் பெயர் ‘எங்கள் வீடு’, விலாசம் இது, பெயர் நாள் ஏப்ரல் இருபத்தெட்டு. அடுத்த வருடமாவது ஞாபகம் இருக்கட்டும் கூமா என்று ஒரு செல்லக் குத்தல். போன் நம்பர் மட்டும் போடவில்லை.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி கேக் வந்தது. ‘உங்கள் அறைகள்’ என்பதைப் படித்துவிட்டு அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூமா அந்த விளையாட்டை ஞாபகம் வைத்திருந்து பதில் விளையாட்டு ஆடியிருக்கிறாள் என்று ரதோஸ்தினா பூரித்துப்போனாள். அப்போதே போன் செய்து நன்றி சொன்னாள், பதினைந்து நாள் லேட் என்று திட்டவும் செய்தாள். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் ஜிவ்கா கேட்டாள், ‘பிள்ளைக்குப் பிடிச்சுதாடி?’ என்று. மறந்துபோன வெட்கத்தில் கூமா தடுமாறுகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். இக்லிகா ஒரு படம் வரைந்து கொடுத்தாள்: ஜன்னல் ஜன்னலாக ஒரு ஹோட்டல், வாசலில் கேக், மேலே ‘நன்றி கூமா’. அது ஜிவ்காவின் அறையில், அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

மெத்தோடி இரண்டு டப்பாக்களையும் கவிழ்த்து அடியைக் காட்டினார். ஒரே நாள். கூரியர் எண்கள் அடுத்தடுத்து.

“எனக்கு உங்க கூமாவைத் தெரியாது” என்றார். “ஆனா இக்லிகா ஹோட்டல் முதலாளின்னு எழுதியிருக்குற பட்டியல் உலகத்துலேயே ஒண்ணுதான். அது யார் கையில இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நாலு மணிக்கு நான் பேசட்டுமா, நீங்க பேசுறீங்களா?”

“நான் பேசுறேன்.”

எம்.டி. ஸ்தமேனோவ் நான்கு மணிக்குக் கடிதத்தைத் தன் முன்னால் நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜிவ்கா முன்பே வந்திருந்தாள். ரதோஸ்தினாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, முகம் வாடிப்போயிருக்கிறதே, சாப்பிட்டாயா என்று விசாரித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பன்னிரண்டு வருடம் கேட்ட அதே குரல். ஒரு கணம் ரதோஸ்தினாவுக்கு டப்பா, அட்டை எல்லாவற்றையும் மறந்துவிட்டு அந்தத் தோளில் சாய்ந்துவிடலாம் போல இருந்தது. அவ்வளவு நம்பிய தோள் அது.

அவள் உட்காரவில்லை. “கையெழுத்து இருக்கட்டும் கூமா. அன்னைக்கு இக்லிகாவுக்கு வந்த கேக், நீங்கதான அனுப்புனீங்க?”

ஸ்தமேனோவ் நிமிர்ந்து பார்த்தார், கேக் எங்கே இங்கே வந்தது என்பது போல. ஜிவ்கா சிரித்தாள்.

“வேற யாருடி அனுப்புவா? நான்தான்.”

ரதோஸ்தினா மகளின் டப்பாவை மேஜை மேல் வைத்தாள். அதன் பக்கத்தில் வர்பானின் டப்பாவை வைத்தாள். இரண்டு அட்டைகளையும் எடுத்து வைத்தபோது ஒரு தூண்டில் முள் அவள் விரலில் குத்தியது. கூரியர் எண்களை மெத்தோடி எம்.டி.க்குச் சுட்டிக்காட்டினார். வர்பானுக்கு இதை அனுப்பிவிட்டு எதிர்க் கம்பெனி ஆள் போன் செய்து பேசியதையும் ரதோஸ்தினா ஒரே மூச்சில் சொன்னாள்.

“இக்லிகாவுக்கு அனுப்புனது நீங்கன்னா, வர்பானுக்கும் நீங்கதான். எதிரிக்காகக் கேக் அனுப்பியிருக்கீங்க.”

ஜிவ்காவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. பிறகு அவள் எம்.டி.யின் பக்கம் திரும்பினாள். தான் அனுப்பவில்லை, உண்மையில் அந்தக் கேக் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, குழந்தை ஏமாந்துபோகுமே என்றுதான் ஆமாம் சொல்லிவைத்தேன் என்றாள். நம்பும்படியாகத்தான் சொன்னாள்.

“நீங்க அனுப்பலைன்னா எதிர்க் கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கான்” என்றாள் ரதோஸ்தினா. “என் பொண்ணு ஹோட்டல் முதலாளின்னு அவனுக்கு யார் சொன்னது? டிசம்பர்ல உங்களுக்குக் கொடுத்த பிரதியில மட்டும்தான் நான் அந்த வரியை எழுதுனேன். கடைசி வரி. நீங்க அதைப் படிக்கக்கூட இல்லை, கூமா. அப்படியே தூக்கிக் கொடுத்துட்டீங்க.”

ஜிவ்கா முதலில் பட்டியலே வாங்கவில்லை என்றாள். ரதோஸ்தினா அனுப்பிய மின்னஞ்சலை யனித்சா கணினியைத் திருப்பிக் காட்டியதும், தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஜூன் முதல் தேதி எதிர்க் கம்பெனி ப்ளோவ்திவில் கிளை திறக்கிறது. அதற்குத் தலைவி ஜிவ்கா. போவதற்குள் ரதோஸ்தினாவின் குழுவைக் கலைத்துவிட்டால், மிச்சமிருக்கும் ஹோட்டல்களைக் காப்பாற்ற இங்கே ஆளிருக்காது. அதற்குத்தான் ஒரு ஒக்னியான் தேவைப்பட்டார்.

“உன்னையும் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தேன் ராதி” என்றாள் ஜிவ்கா.

அதைக் கேட்டதும்தான் ரதோஸ்தினாவுக்குக் கோபம் வந்தது. இந்த ஆறு வாரமும் அவள் தூங்காமல் மூன்று முகங்களை மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் சிரித்தால்கூட அதில் பொய் தேடியிருக்கிறாள். ஒவ்வொரு சாயங்காலமும் அதை அழுதுகொண்டே சொன்னது இந்த ஜிவ்காவிடம்தான். ஜிவ்கா அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, யாரையும் நம்பாதே என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அவள் கடிதத்தை இழுத்து ஒக்னியான் என்ற பெயரை அடித்தாள். கீழே, டிசம்பர் ஒன்பதாம் தேதி பட்டியலை வெளியே கொடுத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விரலிலிருந்து ஒரு துளி ரத்தம் கோட்டின் மேல் பட்டது. ஸ்தமேனோவ் தாளை வாங்கிப் படித்துவிட்டு, உன் விஷயத்தைத் திங்கட்கிழமை பேசலாம் என்றார். ஜிவ்காவிடம் சாவியை வைத்துவிட்டு, ஐந்து மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

ஒக்னியானிடம் ரதோஸ்தினாவே போய்ச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். அவர் தலையாட்டிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த கோப்பையை நிமிர்த்தினார். அந்த நேரத்தில் அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தாழ்வாரத்தில் யனித்சா அவளோடு கூட நடந்தாள்.

“ஒரு சந்தேகம் மேடம். கூமாவை மாத்திக்க முடியுமா?”

“முடியாது. புருஷனை வேணும்னா மாத்திக்கலாம். கூமா உயிரோட இருக்கிற வரைக்கும் கூமாதான்.”

“பேனாவை நீங்களே வச்சுக்கோங்க” என்றாள் யனித்சா. அதற்கு மேல் கிண்டல் அவளுக்கு வரவில்லை. மெத்தோடி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தூரமாக நின்றிருந்தார்.

ரதோஸ்தினா ஜிவ்காவின் அறைக்குள் போனாள். இக்லிகா வரைந்த அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வரத்தான் போனாள். இழுப்பறைகள் திறந்து கிடந்தன. வாடிக்கையாளர்கள் கொடுத்த கேடயங்கள், சட்டம் போட்ட சான்றிதழ், பூந்தொட்டி எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஜிவ்கா எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் நான்கு மூலையிலும் ஒட்டும் நாடாவின் துண்டுகள் மட்டும் இருந்தன. அனுப்பாத கேக்குக்குப் பிள்ளை சொன்ன நன்றி. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரதோஸ்தினா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல், எல்லோரும் பார்க்க அழுதாள்.